கருடன் அல்ல என்று நான் அறிவித்த பருந்து

கோச்சடையில் எங்கள் குடியிருப்பைப் பொறுத்தவரை, வளைந்த அலகுள்ள பறவை எதுவாயினும் அது கழுகு. அலகு வளையாவிட்டாலும், போதிய உயரத்தில் பறந்தால் அதுவும் கழுகே. பணிக்காலம் முழுவதையும் ஒரே கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பதில் கழித்து, துறைத்தலைவராக ஓய்வு பெற்ற ஒருவன் இத்தகைய மக்களிடையே வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தால் அவனுக்கு ஓய்வு ஏது?

குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூக்களுக்கும் குடிநீர் வராத புகார்களுக்கும் நடுவே, எனக்கென்று படங்கள் வரும். தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் மாடப்புறாவைக் கீழிருந்து படமெடுத்து, "சார், இது ராஜாளியா?" என்று கேட்பார்கள். "மாடப்புறா" என்று ஒரே சொல்லில் விடையளிப்பேன். ஒருமுறை ஓர் அம்மையார், கைப்பேசிக் கோபுரத்தில் சிக்கியிருந்த கறுப்பு பாலித்தீன் பையைப் படமெடுத்து அனுப்பி, அது காலையிலிருந்து இரை தேடாமல் ஒரே இடத்தில் இருப்பதாகவும், உடம்புக்கு முடியவில்லையோ என்றும் கவலை தெரிவித்திருந்தார். "அம்மா, அது பறவையன்று" என்று எழுதினேன். குழுவே கைகூப்பும் பொம்மை போட்டது.

இதையெல்லாம் நான் சலிப்போடு செய்தேன் என்று எண்ண வேண்டாம். ஓய்வு பெற்றவனுக்கு மாதாமாதம் தானாக வருவது ஓய்வூதியம் மட்டும்தான். மரியாதை அப்படி வருவதில்லை. அதை அன்றாடம் ஈட்ட வேண்டும். எங்கள் தெருவில் முன்னாள் தாசில்தார் ஒருவர் இருக்கிறார், முன்னாள் வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார். அவர்களிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. என்னிடம் கேட்டார்கள். "காலேஜ் சார் சொல்லிட்டாரு" என்றால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது என்று பொருள். என் முனைவர் பட்ட ஆய்வு மண்புழுவைப் பற்றியது என்பதை எவரும் விசாரிக்கவில்லை. நானாகச் சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. பறவை பற்றி எங்கள் தெருவில் கடைசிச் சொல் என்னுடையது என்னும் அந்த நிலையை நான் கட்டிக்காத்து வந்தேன். பின்னர் நடந்தவை அனைத்தும் அதைக் காக்கும் பொருட்டு நடந்தவையே.

எங்கள் பகுதி வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு வரும் வேட்டைப் பறவைகள் பெரும்பாலும் மூன்று. முருங்கை மரத்தில் கூச்சலிட்டுக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் திடீரென்று வாயடைத்துப் போனால் வல்லூறு வந்திருக்கிறது. அது புறா அளவுதான் இருக்கும். இலைகளுக்குள் ஒடுங்கி உட்காரும். மார்பில் குறுக்குக் கோடுகள், சிவந்த கண். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரைப்போல் சத்தமின்றி வந்து, ஓர் ஓணானையோ குருவியையோ எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாவது கரும்பருந்து. இறைச்சிக் கடைகளுக்கு மேலே வட்டமிடும். சீழ்க்கை அடிப்பதுபோல் நீட்டிக் குரல் கொடுக்கும். வாலின் நுனி மீன்வால்போல் பிளந்திருக்கும். மூன்றாவது செம்பருந்து, மக்கள் வழக்கில் கருடன். செங்கல் நிற உடம்பு, பால்வெள்ளைத் தலையும் மார்பும், வட்டமாக முடியும் வால். அதைக் கண்டால் நடந்துபோகிறவர்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்; இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் நிற்காமலேயே ஒரு கையால் போட்டுக்கொள்வார்கள். கரும்பருந்தையும் கருடனையும் குழப்பிக்கொள்வதற்குக் கண்ணில் கோளாறு இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்த பறவை ஆனி மாத வாக்கில் எங்கள் கொல்லையிலுள்ள தென்னைக்கு வந்து சேர்ந்தது. வந்ததற்குக் காரணம் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கழுவியபின் செதிலையும் குடலையும் சுற்றுச்சுவரின்மேல் வைப்பாள். பூனைக்கு என்பது அவளுடைய எண்ணம். பூனை சோம்பல் முறித்து எழுவதற்குள் பருந்து காரியத்தை முடித்துவிடும். உடல் முழுதும் பழுப்பு. ஆங்காங்கே வெளிறிய புள்ளிகள். வெள்ளைத் தலை இல்லை, செங்கல் நிறம் இல்லை. எனவே கரும்பருந்து. புள்ளிகளைக் கொண்டு பார்த்தால், அவ்வாண்டு பொரித்த குஞ்சு. ஐயத்துக்கு இடமில்லை என்று முடிவுசெய்து, படமெடுத்துக் குழுவில் வெளியிட்டேன்: "எமது கொல்லைக்கு வருகை தரும் கரும்பருந்து. இளம்பருவம்."

எதிர்வீட்டில், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வசிக்கிறார். எவர் எதைச் சொன்னாலும் அதில் எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கும் என்று நம்புவதும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அவருடைய பணிக்காலப் பழக்கம். அன்று மாலையே என் வாசலுக்கு வந்தார்.

"சார், உங்க பருந்தை எங்க மொட்டைமாடியிலருந்து பார்த்தேன். வால் வட்டமாவுல இருக்கு? கரும்பருந்துக்குப் பிளந்திருக்கும்னு முன்ன ஒருதடவை குரூப்புல நீங்கதான எழுதுனீங்க?"

"விரிச்சிருக்கும்போது பார்த்திருப்பீங்க. வாலை விசிறி மாதிரி விரிச்சா அந்தப் பிளவு மறைஞ்சிரும்."

"அப்ப சுருக்கும்போது தெரியணும்ல?"

"தெரியும்."

"எனக்குத் தெரியலையே சார்."

"பார்க்கத் தெரியணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "டிரான்ஸ்பார்மர் புகையுதுன்னு சொன்னா எங்க பழைய ஆபீசரும் இப்படித்தான் சொல்வாரு, பார்க்கத் தெரியணும்னு. சரி, வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனார்.

விரித்த வாலில் பிளவு மறையும் என்பது உண்மை. நூல்களில் உள்ள உண்மை. படித்தவனுக்கு மட்டுமே தெரிந்த உண்மை என்பதால் அதை நான் சற்று அழுத்திச் சொன்னேன். அவ்வளவுதான்.

ஆவணியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கோயில் கமிட்டியின் செயலாளர் பெயின்ட் கடை வைத்திருப்பவர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். வேறுபாடின்றி எல்லோரையும் 'அண்ணே' என்றழைத்து, அந்த ஒரு சொல்லைக் கொண்டே எவரையும் எதற்கும் சம்மதிக்கவைக்கும் ஆற்றல் பெற்றவர். காப்புக் கட்டிய அன்றே வீடு வீடாக வந்து, கும்பாபிஷேகம் முடியும்வரை யார் வீட்டிலும் கவுச்சி கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி ஒப்புக்கொண்டாள். பூனையையும் பருந்தையும் யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வர வேண்டும். புனித நீர்க் குடங்களைக் கோபுரத்துக்கு மேலே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, கருடன் வானில் வட்டமிட்ட பிறகே கலசத்தில் ஊற்றுவது வழக்கம். பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறுதான். ஆயினும் மூஞ்சூறு வந்ததா என்று எவரும் தேடுவதில்லை. கருடன் வந்தால் நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது என்று பொருள். வராவிட்டால், கமிட்டியில் யாரோ எதிலோ கைவைத்துவிட்டார் என்று பேச்சுக் கிளம்பும். எனவே செயலாளருக்கு ஒரு கருடன் கட்டாயம் தேவைப்பட்டது.

அன்று காலை தெரு கொள்ளாத கூட்டம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வந்த மாலைகள் வெயிலில் வாடத் தொடங்கியிருந்தன. மேலே சாரத்தில் குருக்கள் குடத்தோடு நின்றார். கூட்டத்தின்மேல் நீர் தெளிப்பதற்காக வாடகைக்கு எடுத்த டிரோன், வண்டுபோல் இரைந்துகொண்டு ஒத்திகை பார்த்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானத்தில் டிரோனைத் தவிர ஒன்றுமில்லை. நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. அப்போது, எங்கள் வீட்டுத் திசையிலிருந்து, காப்புக் கட்டிய நாள் முதலாக மீன்குடல் கிடைக்காத என் கொல்லைப் பருந்து இரை தேடிப் புறப்பட்டு வந்து, கூட்டத்துக்கு மேலே தாழ்ந்து ஒரு வட்டம் போட்டது.

"கருடன்! கருடன்!" என்று பாதிக் கூட்டம் கையைத் தூக்கியது.

"எங்கடா கருடன்? கழுத்து வெள்ளையா இல்ல. இது கோழிக்குஞ்சு தூக்குற பருந்து" என்றது மீதிப் பாதி.

"வெயில்ல அப்படித் தெரியும் மாப்ள."

"ஆமா, உன்னைய மாதிரி வெயில்ல நின்னு கறுத்துருச்சாக்கும்."

நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்தபடி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் என்னைப் பார்த்தார். என் கழுத்தில் பைனாகுலர் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் மறைத்து வைத்திருக்கவில்லை.

"காலேஜ் சார் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. வாங்கண்ணே, வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் மைக்கைக் கொடுத்தார். கொடுக்கும்போது காதோரம் குனிந்து, "அம்புட்டுப் பேரும் வெயில்ல நிக்குறாங்கண்ணே. கொஞ்சம் அனுசரிச்சுச் சொல்லுங்க" என்றார்.

என்னுடைய நிலையை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கே போனாலும் என் மாணவர்களில் எவரேனும் ஒருவர் எதிர்ப்படும் ஊர் இது. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்பார்கள். கரும்பருந்தைக் கருடன் என்றவன் என்னும் பெயர் மட்டும் என்னோடு நின்றிருக்கும். பைனாகுலரை உயர்த்தினேன். வாராவாரம் எங்கள் சுவரில் உட்கார்ந்து சாப்பிடும் பறவையை அறிந்துகொள்ள எனக்குப் பைனாகுலர் தேவையில்லை. கூட்டத்துக்கு அது தேவைப்பட்டது. போதிய நேரம் பார்த்தபின் பேசினேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே. மேலே பறப்பது கரும்பருந்து, அதிலும் குஞ்சு. அதைக் கருடன் என்று கொள்வதற்கில்லை. உண்மையான கருடன் வரும்வரை காத்திருப்பதே முறை."

ஒலிபெருக்கி வைகைக் கரைவரை கேட்டிருக்கும். அதன்பின் ஓர் அமைதி நிலவியது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சாரத்தின் உச்சியிலிருந்து குருக்கள் எட்டிப் பார்த்தார். அவர் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"சார், நேரம் போயிண்டிருக்கு. எனக்கு அது கருடன்தான். நான் ஊத்தறேன்."

குடம் சாய்ந்தது. கெட்டிமேளம் முழங்கியது. டிரோன் எல்லோர்மேலும் நீரைத் தெளித்தது. என்மேல் சற்று அதிகமாகவே தெளித்தது. பருந்து அந்த டிரோனைச் சிறிது தூரம் துரத்தி, அது தின்னத் தகுந்ததன்று எனக் கண்டு, ஆற்றுப் பக்கம் போய்விட்டது. நான் மைக்கை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினேன்.

"ஊரே கருடன்னு கும்பிடுது. நீங்க ஒருத்தர் ஆமான்னு சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?" என்றாள் மனைவி.

"குறைஞ்சுதான் போவேன்."

"அப்ப ஈர வேட்டியை மாத்துங்க. சளி பிடிக்கும்."

உண்மையைச் சொன்னவன் தனித்து விடப்படுவான் என்பதை எதிர்பார்த்தே இருந்தேன். ஆற்றங்கரைச் சாலையில் காலைநடை போகும்போது, எனக்கு முன்னால் கூடி நின்று பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் நெருங்கியதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் உள்ளம் புண்பட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். புண்பட்டவர்களுக்கு மருந்து கல்வி. எனவே 'கொல்லைப்புறப் பருந்துகளை அறிவது எப்படி?' என்னும் தலைப்பில் ஒரு தொடர் எழுதி, ஞாயிறுதோறும் குழுவில் வெளியிட்டேன். வால், அலகு, இறக்கை வளைவு, குரல், பறக்கும் முறை என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். கரும்பருந்துக்கு எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களிலெல்லாம் எங்கள் தென்னைமரப் பறவையின் படத்தையே இட்டேன். வரவேற்பு மனநிறைவளித்தது. வெளியிட்ட மறுகணமே, இவ்வளவு நீண்ட கட்டுரையை எப்படித்தான் படித்தார்களோ என்று வியக்கும் வேகத்தில், கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. எதிர்வீட்டுப் பொறியாளர் மட்டும் பொம்மை போடவில்லை. வாலைப் பற்றிய பகுதிக்குக் கீழே, "படத்தில் வால் சுருங்கித்தானே இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். அதற்கு நான் விடையளிக்கவில்லை. ஒரு தொடரின் போக்கை அப்படிப்பட்ட கேள்விகளுக்காக நிறுத்த முடியாது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பருந்தின் தலையில் மாவு கொட்டினாற்போல் இருப்பதைக் கண்டேன்.

சிமென்ட் தூசி என்று முதலில் நினைத்தேன். பக்கத்து மனையில் கட்டடவேலை நடந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் கட்டடவேலை நின்றது. தலை மேலும் வெளுத்தது. பிறகு நிறமிக் குறைபாடு என்று நினைத்தேன். அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விலங்குகளில் அரிதாக நிறமி குன்றி வெள்ளை தோன்றுவதுண்டு. அப்படியானால் என் கொல்லையில் இருப்பது நாடறிய வேண்டிய வெண்தலைக் கரும்பருந்து. ஆய்வுக்கட்டுரைக்கு முதல் பத்தி எழுதியும்விட்டேன். ஆனால் சித்திரை முடிவதற்குள் அதன் முதுகு செங்கல் நிறத்துக்கு மாறியது. ஒரே பறவையை ஒரு பக்கம் வெளுக்கவும் மறுபக்கம் சிவக்கவும் செய்யும் குறைபாடு உயிரியலில் இல்லை. அலமாரியிலிருந்து நூலை எடுத்தேன். செம்பருந்தின் குஞ்சு உடல் முழுதும் பழுப்பாக இருக்கும். கரும்பருந்தென்று எண்ணி ஏமாற இடமுண்டு. வாலைக் கொண்டு வேறுபடுத்துக என்று போட்டிருந்தது. வாலைக் கொண்டு வேறுபடுத்துக!

கருடன், எல்லா ஊரையும் விட்டு, என் கொல்லையில் வந்து குடியிருந்துகொண்டு, ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் கருடனாகிக்கொண்டிருந்தது.

அடுத்த சில வாரங்கள் நான் எடுத்த நடவடிக்கைகள் நிர்வாகத் தன்மை கொண்டவை. விருந்தினர் எவரும் முன்னறையைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டேன். குடலைச் சுவரில் வைக்க வேண்டாம், குப்பைத் தொட்டியில் போடு என்று மனைவியிடம் சொன்னேன்.

"பூனை என்ன பாவம் பண்ணுச்சு?"

"பூனைக்கில்லை. பருந்து வருது."

"வந்தா வரட்டுமே. நல்லா அழகா ஆகிட்டு வருது. தலையெல்லாம் உங்களை மாதிரி."

தென்னை சுவர்ப்பக்கம் சாய்வதாகவும், வெட்டிவிடுவது பாதுகாப்பு என்றும் இன்னொரு நாள் சொல்லிப் பார்த்தேன். காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்கிறவருக்கு மண்டையில் என்ன என்று கேட்டாள். அந்தப் பேச்சை அத்துடன் விட்டேன். ஆனால் எதிர்வீட்டு மொட்டைமாடியை நான் என்ன செய்ய முடியும்? ஒருநாள் காலை, நான் வாசலில் செய்தித்தாளை எடுக்கக் குனிந்தபோது, சாலையின் மறுபக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சார், உங்க கரும்பருந்துக்கு நரைச்சுருச்சா?"

நான் செய்தித்தாளைக் கூர்ந்து படித்தேன்.

"இல்ல, வயசு ஒரு வருசம்தான ஆகுது, இம்புட்டுச் சீக்கிரம் நரைக்குதேன்னு கேட்டேன்."

இந்த நிலையில்தான் செயலாளர் தாம்பூலத் தட்டோடு வந்தார். கும்பாபிஷேகம் நடந்து ஓராண்டு நிறைவதையொட்டி வருஷாபிஷேகம் வைத்திருப்பதாகவும், அதில் எனக்குப் பொன்னாடை போர்த்த கமிட்டி முடிவு செய்திருப்பதாகவும் சொன்னார்.

"எதற்காக?" என்றேன்.

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? நம்ம ஏரியாவுக்கு நீங்க செஞ்சதுக்கு."

தொடருக்காக என்று கொண்டேன். மறுக்க வாயெடுத்தேன், ஆனால் காரணம் கேட்பார், காரணம் தென்னைமரத்தில் உட்கார்ந்திருந்தது. ஏற்றுக்கொண்டேன். பிறகு இரவெல்லாம் உறக்கமின்றி யோசித்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். பகலிலேயே யோசித்து முடித்தேன். பிழையான ஒரு தீர்ப்பின்மேல் நின்றுகொண்டு பொன்னாடை ஏற்பது கூடாது. எதிர்வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அறவே கூடாது. அதே மேடையில், அதே மைக்கில், ஒரு திருத்தம் வெளியிடுவது என முடிவு செய்தேன். திருத்தம் வேறு, மன்னிப்பு வேறு. திருத்தம் கல்வியாளனுக்குரியது, நூல்களிலேயே வெளியிடுகிறார்கள். என் பெயர் சிறிது சேதப்படும். ஆனால் அதைச் சேதப்படுத்தியவன் நானாக இருப்பேன், வேறொருவராக இருக்கமாட்டார். சொற்களை அளந்து எழுதி மனப்பாடம் செய்தேன்.

வருஷாபிஷேகத்தன்று மேடையில் என்னை நிறுத்திவைத்துக்கொண்டு செயலாளர் மைக்கைப் பிடித்தார்.

"போன வருசம் இதே இடத்துல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வானத்துல கருடன். ஆனா பாதிப் பேருக்குச் சந்தேகம். அப்ப நம்ம காலேஜ் சார் இந்த மைக்கைப் பிடிச்சு, 'வந்திருக்கிறது சாட்சாத் கருடன்தான், ஊத்துங்க சாமி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க! அந்த வார்த்தைக்குத்தான் இந்தப் பொன்னாடை!"

கைதட்டல் எழுந்தது. மேடையோரம் நின்ற குருக்கள், ஆமாம் அப்படித்தான் என்பதுபோல் தலையசைத்தார். நான் செயலாளரின் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தேன்.

"நான் அப்படிச் சொல்லலையே."

"என்னண்ணே, நீங்கதான மைக்கைப் பிடிச்சு நின்னீங்க? கருடன் சுத்துச்சு, தண்ணி ஊத்துனாங்க. அதுக்கு நடுவுல வேற என்னத்தச் சொல்லியிருக்கப்போறீங்க?"

"கருடன் இல்லைன்னு சொன்னேன். அதை விளக்கித் தொடரே எழுதினேனே!"

"எழுதுனீங்க, எழுதுனீங்க. அதுக்குத்தான வாராவாரம் அம்புட்டுப் பேரும் கைகூப்புனோம்?"

ஆற்றங்கரைச் சாலையில் என்னைக் கண்டு பேச்சை நிறுத்தியவர்களின் நினைவு வந்தது. அவர்கள் புண்பட்டிருக்கவில்லை. பருந்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்துவிடுவேனோ என்று அஞ்சியிருக்கிறார்கள்.

பொன்னாடை தோளில் விழுந்தது. அந்தக் கணத்தில் எனக்குக் கிடைத்திருந்த வாய்ப்பை வாசகர் கவனிக்க வேண்டும். நான் சொன்னதாக ஊர் நினைப்பதை நான் சொல்லவில்லை. ஆனால் அது சரி. நான் சொன்னதை ஊர் மறந்துவிட்டது, அது பிழை. என் பிழையை எனக்கு எந்தச் செலவுமின்றி ஊரே திருத்தி, அதற்குப் பட்டும் போர்த்திவிட்டது. கைகூப்பிவிட்டு இறங்கினால் போதும், காலேஜ் சார் என்றென்றும் காலேஜ் சார். முன்வரிசையைப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பொறியாளர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை தட்டவில்லை. சிரிக்கவுமில்லை. என் தொடரை எழுத்தெண்ணிப் படித்திருந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் என்பது அப்போது விளங்கியது.

மைக்கை வாங்கினேன்.

"அன்பர்களே. சென்ற ஆண்டு இவ்விடத்தில் நான் கூறியது செயலாளர் சொன்னதற்கு நேர்மாறானது. வந்தது கருடனன்று, கரும்பருந்து என்று கூறினேன். மீளாய்வில், அது கருடனின் குஞ்சு எனத் தெரியவந்தது. ஆகவே என் கூற்று பிழையானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். இந்தப் பொன்னாடைக்குரிய சொல்லை நான் சொல்லவே இல்லை."

நான் எதிர்பார்த்தது முணுமுணுப்பு. ஆனால் வந்தது முன்னைவிடப் பெரிய கைதட்டல். செயலாளர் கண்கலங்கி மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"பார்த்தீங்களா! எம்புட்டு அடக்கம்! தான் சொன்னதையே தான் சொல்லலைங்கிறாரு! பெருமையெல்லாம் பிள்ளையாருக்கே விட்டுட்டாரு! இம்புட்டுப் படிச்ச மனுசன் இப்படிப் பணிஞ்சு பேசி யாராச்சும் பார்த்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை என்பது உண்மைதான். குருக்கள் தம் கையால் ஒரு மாலை போட்டார். முன்னாள் தாசில்தார் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். பக்கத்திலிருந்த அம்மாள், அது ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மாலையில் பொறியாளர் வந்தார். இம்முறை வாசலில் நிற்காமல் நேரே கொல்லைக்குப் போய்த் துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தார். நான் தடுக்கவில்லை. மேலே ஓலைக்காம்பில் பருந்து உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் பேசுனீங்க சார். ஒரே ஒரு குறை."

"என்ன?"

"மீளாய்வில் தெரியவந்ததுன்னீங்க. யாரு பண்ணுன மீளாய்வு? வால் வட்டமா இருக்குன்னு போன வருச ஆனியிலயே வந்து சொன்னது யாரு?"

"நீங்க காரணம் சொல்லலை. காரணம் இல்லாம சொல்றது ஊகம்."

"வட்டமா இருக்கிறதுக்கு என்ன சார் காரணம் சொல்றது? வட்டமா இருந்துச்சு."

பருந்து எங்கள் பக்கம் முதுகைத் திருப்பியது. வால் விரியவில்லை; நன்றாகச் சுருங்கியே இருந்தது. நுனியில் பிளவேதும் இல்லை. அதைக் குறித்துச் சொல்வதற்கு ஏதேனும் நுட்பம் மிச்சமிருக்கிறதா என்று தேடினேன்.

"வட்டம்தான்" என்றேன்.

"என்ன சார்?"

"வால் வட்டம்தான். நீங்க சொன்னதுதான் சரி. நான் பார்க்கலை."

அவர் எதிர்வாதத்துக்கு ஆயத்தமாக வந்திருந்தவர். அதைப் பயன்படுத்த இடமில்லாமல் போயிற்று.

"இதை மைக்குல சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா அதுக்கும் கை தட்டி, இன்னொரு மாலை எனக்கே போட்டிருப்பாங்க. உங்களுக்கு ஒண்ணும் வந்திருக்காது."

யோசித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான். அப்ப குரூப்புல போடுங்க. ஒருத்தனும் படிக்கமாட்டான். இருந்தாலும் இருக்கட்டும்."

அவர் முன்னிலையிலேயே எழுதினேன்: "வாலின் வடிவைக் கொண்டு இப்பறவை கரும்பருந்தன்று என முதலில் ஐயுற்றவர் எதிர்வீட்டுப் பொறியாளர்." அனுப்பினேன். அவருடைய சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தார். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வெறும் பொறியாளர்னு போட்டிருக்கீங்க. நான் செயற்பொறியாளரா ரிட்டயர் ஆனவன் சார்."

அந்தச் செய்தியை அழித்துவிட்டு, திருத்தி, மீண்டும் வெளியிட்டேன்.